பொருந்தினால் மட்டும் போதாது: நாக்ஸ் பிளக்குக்கு மாறும் மின்சாரக் கார் உரிமையாளர்களுக்கு முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவிலும் கனடாவிலும் மின்சாரக் கார் வைத்திருக்கும் நண்பர்கள் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி இது: "என் கார்ல இருக்கிறது பழைய பிளக். இனிமே எல்லாம் டெஸ்லா பிளக்தானாமே, நான் என்ன வாங்கணும்?" வாங்குவதைப் பற்றிப் பேசும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை சில இருக்கின்றன. அவை தெரியாமல் தப்பான அடாப்டருக்குப் பணம் கொடுத்தவர்களையும், நெடுஞ்சாலையில் பத்து சதவீத சார்ஜோடு வந்து நின்றவர்களையும் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

முதலில் சுருக்கமாகக் கதை. 2022 நவம்பரில் டெஸ்லா தன் சார்ஜிங் பிளக்கின் வடிவமைப்பை எல்லோருக்கும் திறந்துவிட்டது. அதற்கு வட அமெரிக்க சார்ஜிங் தரம் என்று பெயரும் வைத்தது. அந்த ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்துத்தான் நாக்ஸ் என்கிறோம். 2023 மே மாதம் ஃபோர்டு முதலில் வந்தது, இரண்டே வாரத்தில் ஜெனரல் மோட்டார்ஸ். அப்புறம் ரிவியன், வோல்வோ, மெர்சிடஸ், நிஸான், ஹோண்டா, ஹூண்டாய், கியா, டொயோட்டா, பிஎம்டபிள்யூ, ஃபோக்ஸ்வாகன் என்று வரிசை நீண்டது. 2024 பிப்ரவரியில் ஸ்டெல்லாண்டிஸும் சேர்ந்துகொண்டது. இதற்கிடையே எஸ்ஏஇ என்ற பொறியாளர் அமைப்பு இதை ஜே3400 என்ற பொதுத் தரமாக எழுதி 2023 டிசம்பரில் வெளியிட்டது. நடைமுறையில் நாக்ஸ், ஜே3400 இரண்டும் ஒரே பிளக்தான். பெட்டியில் எந்தப் பெயர் இருந்தாலும் குழம்ப வேண்டாம்.

இந்த வழிகாட்டி வட அமெரிக்காவுக்கு மட்டுமே. ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் கார்களில் இருப்பது சிசிஎஸ்2 என்ற வேறு பிளக். டெஸ்லாவே ஐரோப்பாவில் அதைத்தான் பயன்படுத்துகிறது. இங்கே சொல்லும் அடாப்டர்கள் அங்கே உதவாது.

படி 1: உங்கள் காரின் போர்ட்டைத் திறந்து பாருங்கள்

சிரிக்காதீர்கள், நிஜமாகவே போய்ப் பாருங்கள். தன் காரில் இருப்பது எந்த போர்ட் என்று தவறாக நினைத்திருப்பவர்கள் நிறையப் பேர்.

மேலே ஐந்து துளைகள் கொண்ட ஒரு வட்டம், அதற்குக் கீழே இரண்டு பெரிய துளைகள் என்று இருந்தால் அது சிசிஎஸ்1. 2025 வரை வந்த டெஸ்லா அல்லாத கார்களில் பெரும்பாலானவை இதுதான். மேல் வட்டத்துக்குத் தனியாக ஜே1772 என்று பெயர். வீட்டிலும் அலுவலகத்திலும் மெதுவாக சார்ஜ் ஆவது அந்த வட்டம் வழியாக. கீழே உள்ள இரண்டும் நெடுஞ்சாலை வேக சார்ஜிங்குக்கு. வட்டம் மட்டும் இருந்து கீழ்த் துளைகள் இல்லாவிட்டால் அந்தக் காருக்கு வேக சார்ஜிங் வசதியே கிடையாது; எந்த அடாப்டரும் அதைக் கொண்டுவர முடியாது. பேட்டரியோடு பெட்ரோல் எஞ்சினும் உள்ள பிளக்-இன் ஹைபிரிட்களில் பெரும்பாலானவை இந்த வகை.

சின்னதாக, உள்ளே இரண்டு பெரிய துளைகளும் மூன்று சிறிய துளைகளும் மட்டும் இருந்தால் அது நாக்ஸ். ஒரே இரண்டு துளைகள் வீட்டு மின்சாரத்தையும் வேக சார்ஜர் மின்சாரத்தையும் மாறி மாறிச் சுமக்கின்றன. பிளக் இவ்வளவு சிறியதாக இருப்பதற்கு அதுதான் காரணம். கொஞ்ச நேரத்தில் சொல்லப்போகும் ஒரு முக்கியமான எச்சரிக்கைக்கும் அதுவே காரணம்.

பழைய நிஸான் லீஃப் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் வருத்தமான செய்தி. அதில் வேக சார்ஜிங்குக்கு உள்ள சாடெமோ போர்ட் இந்த மாற்றத்துக்குள் வரவில்லை. கார் நிறுவனமே தரும் நாக்ஸ் அடாப்டர் அதற்குக் கிடையாது. வீட்டு சார்ஜிங்குக்கு எந்தக் குறையும் இல்லை. 2026 லீஃபில் ஒரு பக்கம் ஜே1772, மறுபக்கம் வேக சார்ஜிங்குக்கு நாக்ஸ் என்று இரண்டு போர்ட்டும் வைத்திருக்கிறார்கள்.

படி 2: வடிவம், மொழி, வோல்ட் – மூன்றையும் பிரித்துப் பாருங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். பிளக் பொருந்துவது வேறு, சார்ஜ் ஏறுவது வேறு. ஏற வேண்டும் என்றால் மூன்று விஷயங்கள் சேர்ந்து அமைய வேண்டும்.

முதலாவது வடிவம். அடாப்டர் தீர்ப்பது இதை மட்டும்தான்.

இரண்டாவது மொழி. சார்ஜரும் காரும் மின்சாரம் பாயும் முன் பேசிக்கொள்கின்றன: பேட்டரி எத்தனை வோல்ட்டில் இருக்கிறது, எத்தனை ஆம்பியர் தாங்கும், எப்போது நிறுத்த வேண்டும். சிசிஎஸ் கார்கள் பேசுவது ஒரு மொழி. டெஸ்லாவின் வேக சார்ஜர்களுக்கு சூப்பர்சார்ஜர் என்று பெயர். அவற்றில் பழைய இரண்டாம் தலைமுறை பேசுவது டெஸ்லாவுக்கே உரிய மொழி. மூன்றாம், நான்காம் தலைமுறை சூப்பர்சார்ஜர்கள் இரண்டையும் பேசும். ஆகவே பழைய சூப்பர்சார்ஜரில் உங்கள் ஃபோர்டையோ ஷெவர்லேயையோ செருகினால் அடாப்டர் அழகாகப் பொருந்தும், ஆனால் ஒரு யூனிட்கூட ஏறாது. வரைபடத்தில் சிவப்பாகத் தெரியும் எல்லா சூப்பர்சார்ஜரும் உங்களுக்கானது அல்ல என்று சொல்வது இதனால்தான்.

மொழியோடு அனுமதியும் சேர்ந்தது. உங்கள் கார் நிறுவனம் டெஸ்லாவோடு ஒப்பந்தம் செய்து, காரின் மென்பொருளும் புதுப்பிக்கப்பட்டிருக்க வேண்டும். ஃபோர்டு கார்களுக்கு 2024 பிப்ரவரி கடைசியில் கதவு திறந்தது, ரிவியனுக்கு மார்ச்சில், ஜெனரல் மோட்டார்ஸுக்கு செப்டம்பரில். மற்றவை அதற்குப் பின் ஒவ்வொன்றாக வந்தன. அறிவிப்பு வந்த நாளும் கதவு திறந்த நாளும் ஒன்றல்ல.

மூன்றாவது வோல்ட். இதைத்தான் விற்பனையாளர்கள் சொல்வதே இல்லை. மூன்றாம் தலைமுறை சூப்பர்சார்ஜர் 250 கிலோவாட் வரை தரும், ஆனால் சுமார் 500 வோல்ட்டுக்கு மேல் போகாது. 400 வோல்ட் பேட்டரி உள்ள கார்களுக்கு அது போதும். ஹூண்டாய் ஐயோனிக் 5, கியா ஈவி6, போர்ஷே டைகான், லூசிட் போன்றவற்றின் பேட்டரி 800 வோல்ட் அளவிலோ அதற்கு மேலோ இருக்கிறது. அவை சூப்பர்சார்ஜரின் 400 வோல்ட்டை உள்ளேயே உயர்த்திக்கொள்ள வேண்டும். அதில் வேகம் போய்விடும்.

எவ்வளவு போகும் என்பதற்கு ஐயோனிக் 5 நல்ல உதாரணம். 2025 மாடலில் நாக்ஸ் போர்ட்டே வந்துவிட்டது. இருந்தும் 350 கிலோவாட் சிசிஎஸ் சார்ஜரில் அடாப்டர் போட்டுச் செருகினால் 10-லிருந்து 80 சதவீதத்துக்கு ஏறக்குறைய 20 நிமிடம். சூப்பர்சார்ஜரில் நேரடியாகச் செருகினால் ஏறக்குறைய 30 நிமிடம். அடாப்டர் போட்டால்தான் வேகம்! லூசிட் ஏர் கார் சூப்பர்சார்ஜரில் 50 கிலோவாட்டுக்கு மேல் ஏறாது. அதே நிறுவனத்தின் கிராவிட்டியோ உள்ளே வேறு ஏற்பாடு இருப்பதால் 225 வரை ஏறும். ஜெனரல் மோட்டார்ஸின் பெரிய டிரக்குகள் பேட்டரியை இரண்டு பாதியாகப் பிரித்து 400 வோல்ட்டிலும் தாராளமாக வாங்கிக்கொள்ளும். ஒரே நிறுவனத்தின் இரண்டு கார்கள்கூட ஒன்றுபோல் இல்லை. உங்கள் மாடலுக்கு என்ன கணக்கு என்று கையேட்டில் பார்த்துவிடுங்கள்.

கேபிள் தொங்கும் கம்பங்களுக்குப் பின்னால் நின்று மின்சாரம் தரும் மின்பெட்டிகளில், நான்காம் தலைமுறையின் புதியவை 1000 வோல்ட் வரை தருபவை. அவை பரவப் பரவ இந்தக் குறை தீரும். ஆனால் நிறைய இடங்களில் புதிய கம்பம், பின்னால் பழைய பெட்டி என்றுதான் இருக்கிறது. கம்பத்தின் உருவத்தை மட்டும் பார்த்து நம்பிவிட வேண்டாம்.

படி 3: எந்த அடாப்டர், எந்தத் திசையில்

அடாப்டர் என்று தேடினால் நான்கு வகை வரும். படத்தில் எல்லாமே கறுப்பாக, ஒன்றுபோல் இருக்கும். திசையை இப்படி யோசியுங்கள்: சுவரிலிருந்து வருவது எது, காரில் இருப்பது எது?

சிசிஎஸ் கார் வைத்திருப்பவருக்கு இரண்டு தேவைப்படலாம். சூப்பர்சார்ஜரில் போட, நாக்ஸிலிருந்து சிசிஎஸ்1-க்கு மாற்றும் பெரிய, கனமான அடாப்டர். இது நேர்திசை மின்சாரத்துக்கு, அதாவது டிசி வேக சார்ஜிங்குக்கு மட்டும். இன்னொன்று, ஹோட்டல்களிலும் வாகன நிறுத்தங்களிலும் உள்ள டெஸ்லாவின் மெது சார்ஜர்களில் போட, நாக்ஸிலிருந்து ஜே1772-க்கு மாற்றும் சிறியது. இது மாறுதிசை மின்சாரத்துக்கு, அதாவது ஏசிக்கு மட்டும்.

நாக்ஸ் கார் வைத்திருப்பவருக்கு இதன் தலைகீழ். ஜே1772-லிருந்து நாக்ஸுக்கு மாற்றும் சின்ன அடாப்டர், சிசிஎஸ்1-லிருந்து நாக்ஸுக்கு மாற்றும் பெரிய அடாப்டர். டெஸ்லா வைத்திருக்கும் உறவினரிடம் அந்தச் சின்ன அடாப்டரைக் கடன் வாங்கிக்கொண்டு சூப்பர்சார்ஜருக்குப் போய் நின்ற ஒருவரை எனக்குத் தெரியும். திசையும் தப்பு, மின்சார வகையும் தப்பு. அவர் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை, விளக்கிச் சொல்ல யாரும் இல்லை.

இப்போது அந்த எச்சரிக்கை. நாக்ஸ் பிளக்கில் ஏசியும் டிசியும் ஒரே இரண்டு துளைகளில் வருகின்றன என்றேன். சிசிஎஸ் காரில் அவை போக வேண்டிய இடங்கள் வேறு வேறு: ஏசி மேல் வட்டத்துக்கு, டிசி கீழ்த் துளைகளுக்கு. எந்தப் பக்கம் அனுப்புவது என்று அடாப்டரால் தீர்மானிக்க முடியாது. ஒவ்வொரு அடாப்டரும் ஒரே பாதைக்கான கம்பிதான். பெரிய அடாப்டரை ஏசி சார்ஜரில் போட்டால் ஒன்றும் நடக்காது, அவ்வளவுதான். சின்ன ஏசி அடாப்டரை சூப்பர்சார்ஜரில் போடவே கூடாது. பல நூறு வோல்ட் டிசிக்காகச் செய்யப்பட்ட பொருள் அல்ல அது. காரும் சார்ஜரும் பேசிப் பார்த்து மின்சாரத்தை விடாமல் இருக்கும் என்பது உண்மைதான், ஆனால் அந்தக் கடைசிக் காவலை நம்பிச் சோதித்துப் பார்க்கும் இடம் இது இல்லை. இரண்டு அடாப்டரும் வைத்திருப்பவர்கள் மேலே பெரிய எழுத்தில் "வேகம்", "மெது" என்று ஒட்டிவையுங்கள். வீட்டில் வேறொருவர் காரை எடுத்துப் போகும் நாளில் அந்த ஒட்டுதான் காப்பாற்றும்.

இரண்டு அடாப்டர்களை ஒன்றின் மேல் ஒன்றாகச் செருகக் கூடாது. கேபிள் எட்டவில்லை என்பதற்காக டிசி நீட்டிப்பு கேபிள் வாங்கவும் கூடாது. சந்தையில் விற்கிறார்கள், கார் நிறுவனங்களும் டெஸ்லாவும் அதை ஏற்பதில்லை. சூப்பர்சார்ஜர் தன் கைப்பிடியின் வெப்பத்தை உணர்ந்துதான் மின்சாரத்தைக் குறைக்கிறது. நடுவில் இருக்கும் நீட்டிப்பு இணைப்பு சூடானால் அதற்குத் தெரியாது.

படி 4: வாங்கும் முன்

முதலில் கார் நிறுவனத்திடம் கேளுங்கள். பல நிறுவனங்கள் தாங்களே அடாப்டர் விற்கின்றன. சில ஒரு குறிப்பிட்ட காலத்தில் வாங்கியவர்களுக்கு இலவசமாகவும் தந்தன. பழைய காராக வாங்கியிருந்தால் முந்தைய உரிமையாளருக்கு அடாப்டர் வந்ததா என்றும் விசாரியுங்கள். டிக்கியின் அடித்தட்டுக்குக் கீழே கண்டுபிடித்தவர்களும் உண்டு.

நிறுவனம் தரும் அடாப்டருக்கு என் ஓட்டு. விலை கூடுதலாக இருந்தாலும் சரி. அதில் ஏதாவது பிரச்சினை என்றால் பொறுப்பேற்க ஒருவர் இருக்கிறார். 2024 அக்டோபரில் ஃபோர்டு தான் அனுப்பிய அடாப்டர்களில் ஒரு பகுதியைப் பயன்படுத்த வேண்டாம் என்று சொல்லித் திரும்ப வாங்கி, புதியது தந்தது. சார்ஜிங் வேகம் குறையலாம், நாளடைவில் போர்ட்டே சேதமாகலாம் என்பது காரணம். உரிமையாளர்களின் முகவரி நிறுவனத்திடம் இருந்ததால்தான் அந்தச் செய்தி அவர்களிடம் போய்ச் சேர்ந்தது. பெயர் தெரியாத கடையில் வாங்கிய அடாப்டருக்கு அப்படி யார் கடிதம் போடப் போகிறார்கள்?

வெளியே வாங்குவதாக இருந்தால் மூன்று விஷயம் பாருங்கள். யுஎல் 2252 சான்று. அடாப்டர்களுக்கென்றே எழுதப்பட்ட பாதுகாப்புத் தரம் அது. "தரத்துக்கு ஏற்ப வடிவமைக்கப்பட்டது" என்று எழுதியிருப்பது சான்று அல்ல, சோதிக்கப்பட்டது என்று முத்திரை இருக்க வேண்டும். அடுத்து ஆம்பியரும் வோல்ட்டும். உங்கள் கார் வாங்கக்கூடிய அதிகபட்ச ஆம்பியரை விட அடாப்டரின் அளவு குறைவாக இருக்கக் கூடாது. மூன்றாவது, உங்கள் காரின் உத்தரவாதம் வெளி அடாப்டரைப் பற்றி என்ன சொல்கிறது என்பது.

பழைய டெஸ்லா வைத்திருப்பவர்கள் சிசிஎஸ் நிலையங்களையும் பயன்படுத்த விரும்பினால், காரின் திரையில் மென்பொருள் பக்கத்தில் கூடுதல் வாகனத் தகவல் என்ற இடத்தைத் திறந்து பாருங்கள். சிசிஎஸ் அடாப்டர் ஆதரவு இயக்கத்தில் இருக்கிறதா இல்லையா என்று அங்கேயே எழுதியிருக்கும். இல்லை என்றால் உள்ளே ஒரு பாகத்தை மாற்ற வேண்டும். அது செய்யாமல் அடாப்டர் வாங்கிப் பயனில்லை.

படி 5: வீட்டில் பெரும்பாலும் எதையும் மாற்ற வேண்டாம்

நாக்ஸ் கார் வாங்கியதும் வீட்டுச் சுவரில் உள்ள நல்ல சார்ஜரைக் கழற்றிவிட்டுப் புதியது மாட்டச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். தேவையே இல்லை. ஏசி சார்ஜிங்கில் இரண்டு பிளக்குக்கும் பேச்சுமொழி ஒன்றுதான். ஜே1772 பிளக்கின் முனையில் ஒரு சின்ன அடாப்டரைப் போட்டு அப்படியே விட்டுவிடலாம். அந்த அடாப்டரின் ஆம்பியர் உங்கள் சார்ஜருக்குக் குறையாமல் இருந்தால் போதும்.

புதிதாக மாட்டப் போகிறீர்கள் என்றால் மட்டும் யோசியுங்கள். எங்கள் வீட்டில் ஒரு சிசிஎஸ் கார், ஒரு நாக்ஸ் கார். இப்படிக் கலந்து இருக்கும் வீடுகளுக்கு, இரண்டு பிளக்கும் ஒரே கைப்பிடியில் வரும் சுவர் சார்ஜர்கள் வசதி. 2023-ல் டெஸ்லாவே அப்படி ஒன்றைக் கொண்டுவந்தது. பிளக் எதுவானாலும் மின்கம்பி வேலையின் விதி மாறாது: தொடர்ந்து ஓடும் சுமை, பிரேக்கர் அளவில் 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 48 ஆம்பியர் சார்ஜருக்கு 60 ஆம்பியர் பிரேக்கர், 40 ஆம்பியருக்கு 50. உரிமம் உள்ள எலக்ட்ரீஷியனிடம் கொடுங்கள்.

வெளியே ஏசி சார்ஜ் செய்பவர்களுக்கு ஒரு நுணுக்கம். ஜே3400 தரம் 277 வோல்ட் ஏசியையும் அனுமதிக்கிறது. பெரிய கட்டடங்களில் வரும் 480 வோல்ட் மும்முனை மின்சாரத்தின் ஒரு முனையில் கிடைப்பது அது. தனியாக டிரான்ஸ்ஃபார்மர் வைக்காமல் சார்ஜர் அமைக்கலாம் என்பதால் கட்டட உரிமையாளர்களுக்குச் செலவு குறையும். ஆனால் 240 வோல்ட்டை மனதில் வைத்துச் செய்யப்பட்ட சில சிசிஎஸ் கார்கள் 277-ஐ ஏற்காமல் நின்றுவிடும். இடத்தில் எத்தனை வோல்ட் என்று எழுதியிருந்தால் ஒரு கணம் கவனித்து, காரின் கையேட்டோடு ஒப்பிட்டுவிட்டுச் செருகுங்கள்.

படி 6: கிளம்பும் முன் வீட்டிலேயே முடிக்க வேண்டியவை

கார் மென்பொருளைப் புதுப்பியுங்கள். அப்புறம் பணம் கட்டும் வழியைத் தயார் செய்யுங்கள். ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ், ரிவியன் போன்றவை தங்கள் சொந்தச் செயலி வழியாகவே சூப்பர்சார்ஜர் கட்டணத்தை எடுத்துக்கொள்ளும். இல்லாவிட்டால் டெஸ்லா செயலியை இறக்கி, கணக்குத் தொடங்கி, வங்கி அட்டையைச் சேர்த்து வையுங்கள். சிக்னல் கிடைக்காத நெடுஞ்சாலை ஓரத்தில், மழையில் நின்றுகொண்டு கடவுச்சொல் உருவாக்குவது கொடுமை. டெஸ்லா அல்லாத கார்களுக்குக் கட்டணம் கூடுதல். மாதச் சந்தா கட்டினால் டெஸ்லா உரிமையாளர் விலைக்கே கிடைக்கும். நீண்ட பயணம் போகும் ஒரு மாதத்துக்கு மட்டும் சந்தா எடுத்துவிட்டு நிறுத்துவது நல்ல வழி.

உங்கள் காருக்குத் திறந்திருக்கும் நிலையங்களை, பணம் கட்டும் அந்தச் செயலியில் மட்டும் பாருங்கள். பொது வரைபடங்கள் பழைய சூப்பர்சார்ஜர்களையும் சேர்த்தே காட்டிவிடும். கூடவே, போகும் வழியில் மாற்றாக ஒரு சிசிஎஸ் நிலையத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். சிசிஎஸ் நாளைக்கே மறைந்துவிடப் போவதில்லை. அமெரிக்க மத்திய அரசின் நிதியில் வரும் வேக சார்ஜர்களுக்கு 2023-ல் எழுதிய விதிகளே ஒவ்வொரு சார்ஜரிலும் சிசிஎஸ்1 இருக்க வேண்டும் என்கின்றன. நாக்ஸைக் கூடுதலாக வைத்துக்கொள்ளலாம். கார் நிறுவனங்கள் சேர்ந்து நடத்தும் அயோனா நிலையங்களில் இரண்டு பிளக்கும் உண்டு.

நிலையத்தைக் காரின் சொந்த வழிகாட்டித் திரையில் இலக்காகப் போடுங்கள், கைபேசியில் மட்டும் அல்ல. அப்படிப் போட்டால்தான் பல கார்கள் போகும் வழியிலேயே பேட்டரியைச் சூடாக்கித் தயார் செய்யும். குளிர்காலத்தில் இந்த ஒரு பழக்கமே நிறைய நேரத்தை மிச்சப்படுத்தும்.

படி 7: நிலையத்தில்

முதலில் நிறுத்துவது. சூப்பர்சார்ஜர்களின் இடமெல்லாம் டெஸ்லாவை மனதில் வைத்து அளந்தது: போர்ட் பின்னால், இடது பக்கம், காரை ரிவர்ஸில் நிறுத்துவது. கேபிளும் அந்த அளவுக்குத்தான். போர்ட் பின் இடதில் உள்ள கார்கள் ரிவர்ஸில் போனால் சரியாக அமையும். முன் வலதில் உள்ளவை நேராக நுழைந்தால் அதே பக்கம் வந்துவிடும். மற்ற இரண்டு மூலைக்காரர்களுக்குத்தான் தொல்லை. மஸ்டாங் மாக்-இ, எஃப்-150 லைட்னிங், ரிவியன், போல்ட் எல்லாம் முன் இடது. ஐயோனிக் 5, ஐடி.4 இரண்டும் பின் வலது. இவை பக்கத்து இடத்துக்கான கேபிளை எடுக்க வேண்டியிருக்கும். அப்போது ஒரு கார் இரண்டு இடத்தை அடைத்துவிடும்.

என் பழைய காரின் போர்ட் முன் இடது. முதல் முறை நடுவில் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது, என்னால் ஒரு கம்பம் வீணாகி, இரண்டு பேர் காத்திருந்தார்கள். அவர்களிடம் மன்னிப்புக் கேட்டு மாற்றி நிறுத்தினேன். அன்றிலிருந்து ஒரு ஒழுங்கு வைத்திருக்கிறேன்: வரிசையின் ஓரத்து இடம் காலியாக இருக்கிறதா என்று பார்ப்பேன். அடுத்து, டிரெய்லருக்காக நீளவாக்கில் விட்டிருக்கும் இடம். மூன்றாவது, நீளமான கேபிள் உள்ள நான்காம் தலைமுறைக் கம்பங்கள்; அவற்றின் கேபிள் சுமார் 3 மீட்டர், எந்த மூலையும் எட்டும். எதுவும் இல்லாமல் நெரிசலாக இருந்தால் பக்கத்தில் நிற்பவரிடம் நானே போய் விளக்குவேன். பெரும்பாலோர் புரிந்துகொள்கிறார்கள்.

சில நிலையங்களில் கம்பத்திலேயே சிசிஎஸ் அடாப்டர் பூட்டிவைத்திருப்பார்கள், மேஜிக் டாக் என்று பெயர். அங்கே உங்கள் அடாப்டர் வேண்டாம். டெஸ்லா செயலியில் கம்பத்தின் எண்ணைத் தேர்ந்தெடுத்து, பூட்டு விடுபட்ட பிறகு கைப்பிடியை உருவினால் அடாப்டரோடு சேர்ந்து வரும். முதலில் உருவிவிட்டுப் பிறகு செயலியைத் திறந்தால் வெறும் நாக்ஸ் பிளக்தான் கையில் இருக்கும்.

உங்கள் சொந்த அடாப்டர் என்றால், முதலில் அதை சார்ஜர் கைப்பிடியில் செருகுங்கள். "டக்" என்று பூட்டும் சத்தம் கேட்க வேண்டும். பிறகு இரண்டையும் ஒன்றாகக் காரில் செருகுங்கள். உங்கள் கையேடு வேறு வரிசை சொன்னால் அதைப் பின்பற்றுங்கள். கேபிளின் கனம் அடாப்டரைக் கீழே இழுக்கும். கார் பூட்டி, பேச்சு முடிந்து, சார்ஜ் தொடங்கும் வரை கையால் லேசாகத் தாங்கிப் பிடியுங்கள். சார்ஜ் தொடங்காமல் போவதற்கு நான் பார்த்த வரையில் மிகச் சாதாரணமான காரணம் இந்தத் தொங்கல்தான்.

தொடங்கவில்லையா? உருவி, அரை நிமிடம் விட்டு, மறுபடி நேராக அழுத்திச் செருகுங்கள். அடாப்டருக்கும் கைப்பிடிக்கும் நடுவில் இடைவெளி தெரிகிறதா பாருங்கள், பனியோ மணலோ இருக்கலாம். செயலியில் தேர்ந்தெடுத்த கம்ப எண் சரிதானா பாருங்கள்; பக்கத்துக் கேபிளை எடுத்தவர்களுக்கு இது அடிக்கடி தவறும். அப்புறம் வேறு கம்பம். இரண்டு கம்பத்தில் முடியவில்லை என்றால் சிசிஎஸ் நிலையத்துக்குக் கிளம்புங்கள். குறித்துவைத்தது இதற்காகத்தான்.

முடிந்ததும் செயலியிலோ காரிலோ சார்ஜை நிறுத்துங்கள். பூட்டு விடுபட்ட பிறகே உருவ வேண்டும், பலம் போட்டு இழுக்கக் கூடாது. கைப்பிடியும் அடாப்டரும் சேர்ந்தே வரும். அடாப்டர் நன்றாகச் சூடாக இருக்கும், பிடிக்கும் இடம் பார்த்துப் பிடியுங்கள். அமெரிக்காவில் சார்ஜ் முடிந்தும் காரை எடுக்காவிட்டால், நிலையம் பாதி நிரம்பியிருக்கும்போது நிமிடத்துக்கு அரை டாலர், முழுதும் நிரம்பியிருந்தால் ஒரு டாலர் என்று கணக்கு ஓடும்.

படி 8: அடாப்டரைப் பேணுவது

ஒவ்வொரு மாதமும் ஒரு முறை வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பாருங்கள். உலோக முனைகள் கறுத்திருந்தாலோ, பிளாஸ்டிக் பழுப்பேறியோ உருகியோ இருந்தாலோ, பூட்டு தளர்ந்திருந்தாலோ அன்றோடு நிறுத்திவிடுங்கள். பத்து முறை நன்றாக வேலை செய்தது என்பது பதினோராவது முறைக்கு உத்தரவாதம் இல்லை. கீழே விழுந்து விரிசல் விட்ட அடாப்டரைப் பசை போட்டு ஒட்டிப் பயன்படுத்தவே வேண்டாம். ஈரம் போகாத பையில் மூடி வைக்காதீர்கள். தொடர் எண்ணைப் படம் எடுத்து வைத்துக்கொண்டால், திரும்பக் கேட்கும் அறிவிப்பு வரும்போது ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

கடைசியாக, அடாப்டரைத் தொலைப்பவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தொலைக்கிறார்கள். காரிலிருந்து உருவி, கைப்பிடியைக் கம்பத்தில் மாட்டும்போது அடாப்டர் அதன் முனையிலேயே போய்விடுகிறது. எங்கள் வீட்டில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறோம். சார்ஜ் ஆகும் நேரம் முழுவதும் அடாப்டரின் காலிப் பை ஓட்டுநர் இருக்கையில் கிடக்கும். உட்கார வேண்டும் என்றால் அதை எடுத்தே ஆக வேண்டும், எடுத்தால் அது காலியா என்று கை சொல்லிவிடும்.